அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை: தேதி குறித்தாயிற்று, கேள்விதான் கேட்கவில்லை

மழைத்தூறல்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. ஐந்தாறு வருடமாக இரண்டு முட்டியும் வலி. மாத்திரை, ஊசி, பிசியோ எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "இங்கே பாருங்கள், எலும்பும் எலும்பும் உரசுகிறது. இரண்டையும் ஒன்றாகவே மாற்றிவிடலாம்" என்றார். ரோபோ வைத்தும் செய்யலாமாம். பத்து நிமிடத்தில் தேதி குறித்துக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான், உருப்படியாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

இடது முட்டி படி இறங்கும்போது வலிக்கும், சாயங்காலமானால் வீங்கும். வலதுதான் மோசம். ராத்திரி புரண்டு படுத்தாலே விழித்துவிடுகிறார். வலது காலுக்குச் செருப்பு வார் மாட்டக்கூட முடியாமல் மகள் நான்தான் மாட்டிவிடுகிறேன். சர்க்கரை உண்டு.

பார்க்கிறவர்களில் பாதிப் பேர் "செய்தால் ஓடலாம்" என்கிறார்கள். மீதிப் பேர் "செய்தவர் யாரும் நன்றாக இல்லை" என்கிறார்கள். செய்துகொண்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்களேன்.

பழைய சைக்கிள்:
எனக்கு வலது முட்டி மாற்றிப் பதினான்கு மாதம் ஆகிறது. வயது 71. ஓடவில்லை, ஓடவும் போவதில்லை. ஆனால் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் வாசல் வரை நடந்தாலே உட்கார இடம் தேடுவேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. முட்டியையே கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுவதில்லை. நானும் அப்படித்தான் நினைத்துப் பயந்தேன். தேய்ந்த எலும்பு முனையில் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் சீவி எடுக்கிறார்கள். மேலே தொடை எலும்புக்கு உலோக உறை, பெரும்பாலும் கோபால்ட் குரோமியம். கீழே கால் எலும்பின் மேல் ஒரு உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் என்ற வழவழப்பான பிளாஸ்டிக் துண்டு. பல்லைச் செதுக்கிவிட்டு உறை மாட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். அன்று சாயங்காலமே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். முதல் நாள் வலி பெரிதாகத் தெரியவில்லை. "இவ்வளவுதானா" என்று மகனிடம் பெருமையடித்தேன். மரத்துப்போக வைத்த மருந்து இறங்கியதும் இரண்டாம் நாள் என் பெருமையும் இறங்கியது.

யாரும் எனக்குச் சொல்லாமல் விட்டது இரண்டாவது, மூன்றாவது வாரத்தை. தூக்கமே வரவில்லை. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் சரியில்லை. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வேறு. ஒருநாள் ராத்திரி இரண்டரை மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து, எதற்காக இதைச் செய்துகொண்டேன் என்று அழுதேன். எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் செய்துகொண்ட முக்கால்வாசிப் பேரும் அதே கதையைச் சொல்கிறார்கள். ஆறாவது வாரம் வாக்கர் போனது, மூன்றாவது மாதம் வலியை மறந்து ஒரு முழு நாள் இருந்தேன். சூடும் லேசான வீக்கமும் எட்டு மாதம் வரை இருந்தன.

இப்போதும் தையலுக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு இடம் மரத்துத்தான் கிடக்கிறது. நடக்கும்போது சில நேரம் "டிக்" என்று சத்தம் வரும். அது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். முட்டி போட மட்டும் பிடிக்கவில்லை, கல்லின் மேல் வைத்தது மாதிரி இருக்கிறது.

கோணல் கோடு:
நல்லபடியாக முடிந்தவர்கள்தான் உற்சாகமாக எழுதுவார்கள். மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

முட்டி மாற்றி இரண்டு வருடம். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினால் டாக்டர் "பிரமாதம், பாடப்புத்தகத்தில் போடலாம்" என்கிறார். சரி, படம் பிரமாதம். எனக்கு வலிக்கிறதே. தொற்று இல்லை, தளரவில்லை, எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று. இடுப்பு மூட்டு மாற்றியவர்களைவிட முட்டி மாற்றியவர்களுக்குத் திருப்தி குறைவு. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்று சொல்வது எல்லா நாட்டு ஆய்விலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஐந்தில் ஒருவன் நான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தவறும் இதில் உண்டு. எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சம்தான் இருந்தது. நான்தான் அவசரப்பட்டேன். குருத்தெலும்பு முழுக்கப் போனவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி, பாதி தேய்ந்தவர்களுக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. எக்ஸ்ரேயில் பயங்கரமாகத் தெரியும், வலி இருக்காது, அப்படியும் ஆட்கள் உண்டு. படம், வலி, வலியால் தினப்படி வாழ்க்கை முடங்குவது, இந்த மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினால் மட்டும் போங்கள்.

பழைய சைக்கிள்:
கோணல் கோடு சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதிலும் ஆபத்து உண்டு. நான் நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். அதற்குள் முட்டி நிமிராமல் மடங்கியே இறுகிவிட்டது, தொடைத் தசை சூம்பிவிட்டது. மடங்கிப்போன முட்டியோடு உள்ளே போனால், வெளியே வரும்போதும் அதை நிமிர்த்தப் போராட வேண்டும்.

நடை பழகு:
நான் பிசியோதெரபிஸ்ட். பதினெட்டு வருடமாக இந்தக் கால்களோடுதான் வேலை. "எத்தனை டிகிரி மடங்குகிறது" என்று எல்லோரும் கேட்பார்கள், "எவ்வளவு நிமிர்கிறது" என்று யாரும் கேட்க மாட்டார்கள். சமதரையில் நடக்க 65 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற இறங்க 90க்குப் பக்கம், தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 100க்குக் கொஞ்சம் மேலே வேண்டும். ஆனால் முட்டி முழுதாக நிமிராவிட்டால் 120 டிகிரி மடங்கியும் நொண்டித்தான் நடப்பீர்கள். தொடைத் தசைக்கும் ஓயாத வேலை.

அதனால் ஆபரேஷன் ஆன காலுக்கு முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். அன்பால் வீட்டுக்காரர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். மடக்கி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்திலேயே முட்டி இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியின் பின்பக்கம் அந்தரத்தில் தொங்கும்படி விடுங்கள். பத்து நிமிடம். திட்டுவார்கள், திட்டட்டும்.

படிக்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி.

இன்னொன்று, பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்னாலேயே தொடங்குங்கள். படுத்துக்கொண்டு முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை ஐந்து விநாடி இறுக்குவது, காலை நேராகத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. வாக்கரில் நடக்க இப்போதே பழகட்டும். வலியும் மயக்கமுமாக இருக்கும் நாளில் புதிதாக எதையும் கற்க முடியாது.

மழைத்தூறல்:
மிக்க நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ராத்திரி இரண்டரை மணிக் கதையைக் கேட்டு, "அவரே அழுதிருக்கிறார் என்றால் நானும் அழலாம்" என்று சிரித்தார்.

இரண்டு முட்டியும் ஒன்றாகச் செய்யலாமா? ரோபோ உண்மையிலேயே அவசியமா? சர்க்கரையை எந்த அளவில் வைக்க வேண்டும்?

வெள்ளைக் கையுறை:
ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஆபரேஷனில் எல்லோரும் பயப்படுவது வலிக்கு, நாங்கள் பயப்படுவது தொற்றுக்கு.

தொற்று நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும். வந்தால் சாதாரணப் புண் மாதிரி மருந்தில் ஆறாது. கிருமி உலோகத்தின் மேல் பாசி படிந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும், மருந்து அதற்குள் போகாது. திரும்பத் திறந்து கழுவ வேண்டும். சில பேருக்கு மூட்டையே எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமென்ட் வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு புதிது வைக்க வேண்டியிருக்கும். அப்படி இரண்டு பேரைக் கடைசி வரை பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு நச்சரிக்கிறேன்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை ஏழரை, எட்டுக்குக் கீழே வரும் வரை பல மருத்துவர்கள் தேதியைத் தள்ளிவைப்பார்கள். உங்கள் டாக்டர் அதைக் கேட்கவே இல்லை என்றால் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். பல்லில் சொத்தை, ஈறில் சீழ் இருந்தால் முன்பே சரிசெய்துவிடுங்கள். கால் விரலிடுக்குச் சேற்றுப்புண், சிறுநீர்க் கடுப்பு எதையும் மறைக்க வேண்டாம். முட்டி முடியை வீட்டில் பிளேடால் வழிக்காதீர்கள், அந்தச் சின்னக் கீறல் போதும் கிருமிக்கு. புகை பிடிப்பவர் என்றால் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

"ஊசி" என்று எழுதியிருக்கிறீர்களே, ஸ்டீராய்டு ஊசியா? கடைசியாக எப்போது போட்டது? மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்டு மூன்று மாதம் ஆகாமல் அதே மூட்டை மாற்றினால் தொற்று வாய்ப்பு கூடும். தேதியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மூட்டுவாதத்துக்குப் போடும் ஊசி மருந்து ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டும் ஒன்றாக: ஒரே மயக்கம், ஒரே படுக்கை, கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூடுதல், ரத்தக் கட்டி ஆபத்தும் கூடுதல். இதயம் திடமாக உள்ள, வயது குறைந்தவர்களுக்கு ஒத்துவரும். 68 வயது, சர்க்கரை என்றால் இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் பார்த்துச் சொல்லாமல் நான் என் அம்மாவை அனுப்ப மாட்டேன். ஒன்றைச் செய்து, மூன்று மாதம் போல விட்டு இன்னொன்று. அதற்குள் முதல் கால் ஊன்றிக்கொள்ளும்.

ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. எங்கே எவ்வளவு சீவ வேண்டும் என்று கணக்கிட்டு, டாக்டர் கையை அந்த எல்லைக்குள் நிறுத்துகிறது. சீவுவதில் துல்லியம் கூடும், அது உண்மை. அதனால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து நோயாளி கூடுதல் நன்றாக நடக்கிறார் என்பதற்கு இன்னும் உறுதியான ஆதாரம் வரவில்லை. ரோபோ இருக்கிறதா என்பதைவிட, வருடத்துக்கு எத்தனை முட்டி செய்கிறீர்கள் என்று கேட்பது மேல்.

சந்தேகப் பேர்வழி:
எத்தனை வருடம் வரும் என்று யாரும் சொல்லவில்லையே? பக்கத்து வீட்டில் "பத்து வருடம்தான்" என்கிறார்கள்.

கோணல் கோடு:
குறை சொல்கிறவனே இதற்கு நல்ல செய்தி சொல்கிறேன். பத்து வருடம் என்பது பழைய பேச்சு. 2019இல் லான்செட் மருத்துவ இதழில், மூட்டு மாற்றுக்கான தேசியப் பதிவேடுகளை வைத்து ஒரு கணக்கு வந்தது. 25 வருடம் கழித்தும் முழு முட்டி மாற்றில் நூற்றுக்கு 82, இடுப்பு மூட்டில் 58 மாற்றப்படாமல் அப்படியே இருந்தன. அவை 25 வருடத்துக்கு முந்தைய பொருட்கள் என்பதையும் கவனிக்கவும்.

ஆனால் வயது பெரிய விஷயம். 70 தாண்டிச் செய்தவருக்கு ஆயுளில் மறுபடி திறக்க வேண்டி வருவது நூற்றுக்கு ஐந்து பேர் போல. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு அதே ஆபத்து மூன்றில் ஒன்று வரை போகிறது. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைப் போல இருக்காது, எலும்பு குறைந்திருக்கும், சிக்கல் அதிகம்.

சந்தேகப் பேர்வழி:
அப்படியானால் "புதுப் பொருள், புது மாடல்" என்று சொன்னால் வாங்கிக்கொள்ளலாமா?

வெள்ளைக் கையுறை:
அவசரப்படாதீர்கள். இந்தத் துறையில் புதிது என்பது எப்போதும் நல்லது இல்லை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் முதலில் இடுப்புக் கிண்ணத்துக்கு டெஃப்ளான் வைத்தார். வழவழப்பு என்றால் அதைவிட வழவழப்பு ஏது? சில வருடத்தில் தேய்ந்து, அந்தத் துகளே சுற்றிலும் சதையைக் கெடுத்தது. செய்தவர்களை எல்லாம் திரும்பத் திறக்க வேண்டிய நிலை. 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார், அதுதான் நிலைத்தது. புதுப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார் மனிதர். நாற்பது வருடம் கழித்து உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகளைப் "புதுமை" என்று கொண்டுவந்தார்கள். உலோகத் துகள் ரத்தத்தில் கலந்து, 2010இல் அதில் ஒரு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எந்த மாடல், எத்தனை வருடப் பதிவு இருக்கிறது என்று கேளுங்கள். பதினைந்து வருடம் உழைத்துக் காட்டிய பழைய மாடல் எனக்குப் போதும்.

ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே வைத்த பாகங்களின் ஸ்டிக்கரை உங்கள் கோப்பிலும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பெயர், அளவு, எண் எல்லாம் அதில் இருக்கும். பின்னாளில் திறக்க நேர்ந்தால் அந்தத் துண்டுக் காகிதம்தான் டாக்டர் தேடும் முதல் பொருள்.

நடை பழகு:
மழைத்தூறல், முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. செருப்பு வார் மாட்ட முடியவில்லை, ராத்திரி புரண்டால் வலி என்கிறீர்கள், அதுவும் வலதுபக்கம் மட்டும். முட்டி கெட்டவர்களுக்குச் செருப்பு மாட்டுவது கஷ்டம்தான், ஆனால் எப்படியோ காலை நீட்டி மாட்டிக்கொள்வார்கள். செருப்பு வார் மாட்டவோ கால் நகம் வெட்டவோ முடியவே முடியாமல் போவது பெரும்பாலும் இடுப்பு மூட்டுக் கோளாறில்.

இடுப்பு மூட்டின் வலி முட்டியில் தெரிவது சகஜம், நரம்பு வழி அப்படி. அம்மாவை மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். முட்டியையும் இடுப்பையும் மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் கொண்டுபோனால் இடுப்பு உள்பக்கமாகத் திரும்பும். வலது பக்கம் திரும்பாமல் இறுகி, தொடை இடுக்கிலோ முட்டியிலோ அவருடைய அதே வலி வந்தால், இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பலவந்தமாகத் திருப்ப வேண்டாம்.

மழைத்தூறல்:
இப்போதுதான் செய்து பார்த்தேன். இடது கால் தாராளமாகத் திரும்புகிறது. வலது கொஞ்சம்கூட நகரவில்லை. "அதே வலிதான், அதே இடம்" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். கை நடுங்குகிறது எனக்கு. நாளைக்கே போகிறோம்.

மழைத்தூறல்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது இடுப்பு மூட்டில் இடைவெளியே இல்லை. வலது முட்டியில் தேய்மானம் இருக்கிறது, ஆனால் நடுத்தரம்தான். அதே டாக்டர்தான் பார்த்தார். எக்ஸ்ரேயைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "முதலிலேயே இடுப்பைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்" என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடமே செய்யலாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். முதலில் வலது இடுப்பு. அப்புறம் இடது முட்டி. வலது முட்டி இப்போதைக்கு வேண்டாம், இடுப்பு சரியானதும் எவ்வளவு வலி மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றார்.

எச்பிஏ1சி 8.6. அதனால் தேதி தள்ளிப்போயிருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி ஐந்து மாதத்துக்கு முன்னால் போட்டது, சீட்டு கிடைத்துவிட்டது.

பழைய சைக்கிள்:
நடை பழகுவுக்கு ஒரு கும்பிடு. இரண்டு முட்டியையும் மாற்றிய பிறகும் வலது கால் வலித்திருந்தால் அந்த அம்மா யாரைப் போய்க் கேட்டிருப்பார்!

ஒற்றைக் கம்பு:
எனக்கு இடுப்பு மாற்றி ஆறு வருடம். முட்டிக்காரர்கள் எழுதியதைப் படித்துப் பயப்பட வேண்டாம், இடுப்பு அதைவிட எளிதாக ஆறும். எனக்கு நான்காவது வாரமே பழைய வலி மறந்துவிட்டது. ஆனால் முட்டிக்கு இல்லாத ஒரு ஆபத்து இதில் உண்டு: பந்து கிண்ணத்தை விட்டு நழுவுவது. முதல் சில வாரம்தான் அதிக ஆபத்து. பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது என்பார்கள். முன்பக்கமாகச் செய்தால் விதி வேறு, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆபத்து வந்தது கீழே விழுந்த கண்ணாடியை எடுக்கப் போய். உட்கார்ந்தபடியே குனிந்தேன். நழுவவில்லை, ஆனால் உள்ளே ஏதோ இழுபட்ட மாதிரி இருந்தது, வியர்த்துவிட்டது. அன்றைக்கே நீளக் கைப்பிடியுள்ள இடுக்கி வாங்கினேன். செருப்பு மாட்ட நீளக் கரண்டி ஒன்று, குளியலறையில் வழுக்காத விரிப்பு, பிடிமானக் கம்பி. தரை விரிப்புகளைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

வெள்ளைக் கையுறை:
வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆடுசதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே சொல்ல வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் சொல்லிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இடுப்பு மாற்றியவர்களுக்கு அதைத் தடுக்கும் மருந்து ஐந்து வாரம் வரைகூடத் தருவார்கள், நன்றாக நடக்கிறோமே என்று பாதியில் விடக் கூடாது. ஒரு வாரம் தாண்டியும் தையலில் நீர் கசிந்தால், அடங்கிய காய்ச்சல் திரும்ப வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள். அவர் பார்க்குமுன் கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட்டுவிட்டால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும்.

மழைத்தூறல்:
எழுதிக்கொண்டேன் அக்கா. ஒரு சின்னச் சந்தேகம். அம்மா உட்காரும் நாற்காலி தாழ்வாக இருக்கிறது. எவ்வளவு உயரம் வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒற்றைக் கம்பு:
டேப் எல்லாம் வேண்டாம். அம்மாவை உட்கார வைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் நாற்காலியின் நான்கு காலுக்கும் அசையாத கட்டை கொடுங்கள். கைப்பிடி கட்டாயம். கழிப்பறை இருக்கைக்கும் இதே கணக்கு, அதற்கு மேலே வைக்கும் உயரமான இருக்கை தனியாகக் கிடைக்கும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே மாட்டி, ஒரு வாரம் அதிலேயே பழகட்டும்.

மழைத்தூறல்:
உட்கார வைத்துப் பார்த்தேன். முட்டிதான் மேலே இருக்கிறது. கட்டைக்குச் சொல்லியாயிற்று. "ஆபரேஷனுக்கு என்னைத் தயார் செய்யச் சொன்னால் நாற்காலிக்கு முதலில் செய்கிறாயே" என்கிறார் அம்மா. காலையில் எச்பிஏ1சி 7.9 என்று வந்த ரிப்போர்ட்டை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.